"கோழிதான் காரணம்னு நினைச்சோம்!" - லேப்ரடாரின் தீராத அரிப்பு... ஒரு குடும்பம் விடை கண்டுபிடித்த கதை

'டப்... டப்... டப்...'

நள்ளிரவு 2 மணிக்கு ஹாலில் இருந்து வரும் அந்தச் சத்தம், தாம்பரத்தை அடுத்த அந்த வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. பின்னங்காலால் காதைச் சொறியும்போது புரூனோவின் முட்டி தரையில் மோதும் சத்தம் அது. சொறிந்து முடித்ததும் பாதத்தை நக்கத் தொடங்குவான். விடிந்து பார்த்தால் வெள்ளை டைல்ஸில் அங்கங்கே ரத்தத் துளிகள் இருக்கும்.

புரூனோ 3 வயது லேப்ரடார். 10 மாதக் குட்டியாக இருந்தபோது அரிப்பு தொடங்கியது. காதில் துர்நாற்றம், விரல் இடுக்குகளில் சிவப்பு, அடிவயிற்றில் முடி உதிர்ந்து கறுத்த தோல். ஊசி போட்டால் இரண்டு வாரம் நன்றாக இருப்பான். மூன்றாவது வாரம் மறுபடியும் 'டப்... டப்...'

இரண்டு வருடங்களில் நான்கு டாக்டர்கள், ஏழெட்டு ஷாம்பூக்கள் மாறின. வேப்பிலைக் குளியல், மஞ்சள், தேங்காய் எண்ணெய் எல்லாம் முயன்றார்கள். வீட்டில் 2 வயதுப் பேரக்குழந்தை வேறு. 'குழந்தைக்கு ஒட்டிக்குமா?' என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் குடும்பத் தலைவர் புரூனோவின் போட்டோவுடன், 'நல்ல வீடு இருந்தால் இலவசமாகத் தருகிறோம்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்க டைப் செய்தே விட்டார். "அப்பா, கடைசியா ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்ப்பா" என்று ப்ளஸ் டூ படிக்கும் மகள் அழுததால் அது போஸ்ட் ஆகவில்லை.

அந்தக் கடைசி முறைதான் ஒருவர், ஊசியை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: "இவன் என்னென்ன சாப்பிடுறான்? ஒண்ணு விடாம எழுதிக் கொடுங்க."

ஏன் லேப்ரடார்?

உணவு அலர்ஜி எந்த நாய்க்கும் வரலாம். தெருவில் இருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்க்கும் வரலாம். ஆனால் சில இனங்களில் அதிகம் பதிவாகிறது. லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, வெஸ்ட் ஹைலேண்ட் ஒயிட் டெரியர் ஆகியவை அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருப்பவை. பக், ஃப்ரெஞ்ச் புல்டாக், பாக்ஸர் வளர்ப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை புதிதல்ல.

லேப்ரடாருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது அடங்காத பசி. 'எவ்வளவு போட்டாலும் போதலையே' என்று புலம்பாத லேப்ரடார் ஓனர் கிடையாது. இது வெறும் பேராசை இல்லை. பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் 'பி.ஓ.எம்.சி' என்ற மரபணுவில் ஒரு பகுதி இல்லாமல் இருப்பது தெரியவந்தது. இந்த மாற்றம் உள்ள நாய்களுக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே பசி அதிகம். ஓய்வில் இருக்கும்போது அவற்றின் உடல் செலவழிக்கும் சக்தியும் குறைவு என்று அதே குழுவினர் பின்னர் கண்டறிந்தனர்.

அதாவது, எது கிடைத்தாலும் சாப்பிடும் நாய்க்கு, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் லேப்ரடார் வீடுகளின் நிஜமான சவால்.

அலர்ஜி வேறு, ஒவ்வாமல் போவது வேறு

பால் குடித்ததும் சில நாய்களுக்கு வயிற்றுப்போக்கு ஏற்படும். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை ஜீரணமாகாததால் வரும் பிரச்னை அது. அலர்ஜி அப்படியல்ல. உணவில் இருக்கும் ஒரு புரதத்தை, உடலின் எதிர்ப்பு சக்தி எதிரியாகத் தவறாக நினைத்துச் சண்டை போடுவதுதான் அலர்ஜி. மனிதர்களைப் போல நாய்க்கு இது தும்மலாக வெளிப்படுவது குறைவு. பெரும்பாலும் தோலில்தான் தெரியும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை:

* வெயில், மழை, பனி என்று பருவம் பார்க்காமல் வருடம் முழுக்க அரிப்பு
* பாதங்களை விடாமல் நக்குவது, கடிப்பது
* அடிக்கடி காது நோய், காதில் பழுப்பு நிற அழுக்கு, துர்நாற்றம்
* ஆசனவாயைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகர்வது
* மலம் இளகிப் போவது, வழக்கத்தைவிட அதிகமுறை போவது, வாயுத் தொல்லை

இவற்றில் எல்லாமே இருக்க வேண்டும் என்றில்லை. பல நாய்களுக்கு 1 வயது ஆவதற்குள்ளேயே தொடங்கிவிடும்.

"மூணு வருஷமா இதைத்தானே சாப்பிடுறான், இப்ப மட்டும் எப்படி ஒத்துக்காம போகும்?" புரூனோ வீட்டில் எழுந்த சந்தேகம் இது. உண்மையில் அலர்ஜி பெரும்பாலும் புது உணவால் வருவதில்லை. திரும்பத் திரும்பச் சாப்பிட்டுப் பழகிய உணவைத்தான் உடல் ஒருகட்டத்தில் எதிரியாகப் பார்க்கத் தொடங்கும்.

எந்த உணவு? 297 நாய்களின் விவரங்களைத் தொகுத்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, மாட்டிறைச்சி 34 சதவிகிதம், பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13 என்று வரிசைப்படுத்தியது. நம் வீடுகளில் 'அரிசிதான் சூடு, அதான் சொறியுது' என்று பழி போடுவோம். ஆனால் பாவம், அரிசி அந்தப் பட்டியலில் மிகவும் பின்னால்தான் வருகிறது.

அரிப்பு என்றாலே உணவு இல்லை

இங்குதான் பலர் அவசரப்படுகிறார்கள். நாய் சொறிகிறது என்றதும் சிக்கனை நிறுத்துவது, விலை உயர்ந்த உணவுப் பாக்கெட்டை வாங்குவது. ஆனால் அரிப்புக்கு உணவைவிட மற்ற காரணங்களே அதிகம். தெள்ளுப்பூச்சி, உண்ணி, சொறியை உண்டாக்கும் நுண்ணிய பூச்சி, பூஞ்சை, வீட்டுத் தூசி, மகரந்தம்... எல்லாமே அரிப்பைத் தரும். சென்னை போன்ற ஈரக்காற்று ஊர்களில், தொங்கும் காது உள்ள லேப்ரடாருக்குக் காதில் பூஞ்சை சேர்வது சர்வசாதாரணம்.

அதனால் டாக்டர்கள் முதலில் தோலைச் சுரண்டி எடுத்தும், காது அழுக்கை எடுத்தும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து கொடுப்பார்கள். தோலிலும் காதிலும் இருக்கும் கிருமித் தொற்றைச் சரிசெய்வார்கள். அதன் பிறகும் அரிப்பு நிற்கவில்லை என்றால்தான் உணவின் மீது சந்தேகம் திரும்பும்.

'ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடாதா?' என்பது பலரின் கேள்வி. ரத்தம், எச்சில், முடி ஆகியவற்றை வைத்து உணவு அலர்ஜியைச் சொல்வதாக விற்கப்படும் பரிசோதனைகள் நம்பகமானவை அல்ல என்பதே தோல் நோய் நிபுணர்களின் கருத்து. ஒத்துக்கொள்ளும் உணவை 'ஆகாது' என்றும், ஆகாததை 'ஓகே' என்றும் அவை காட்டிவிடலாம். நம்பகமான வழி ஒன்றுதான். பழைய உணவு அத்தனையையும் நிறுத்திவிட்டுப் பார்ப்பது.

8 வாரம்... ஒரு துண்டு பிஸ்கட்கூட கூடாது

இதை 'எலிமினேஷன் டயட்' என்கிறார்கள். இதுவரை நாய் சாப்பிட்டே இராத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து. இந்த இரண்டு மட்டும்தான் சாப்பாடு. இல்லையென்றால், புரதத்தை மிகச் சிறிய துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கப்படும் 'ஹைட்ரோலைஸ்டு' உணவு. துண்டுகள் மிகச் சிறியவை என்பதால் உடலின் எதிர்ப்பு சக்திக்கு அது என்ன புரதம் என்று பெரும்பாலும் அடையாளம் தெரியாது. இந்த உணவு டாக்டர் பரிந்துரையில் கிடைக்கும். விலை அதிகம்.

புரூனோ வீட்டில் அதற்குக் கட்டுப்படியாகவில்லை. டாக்டரிடம் கொடுத்த பட்டியலைப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. சிக்கன், சிக்கன் ஈரல், மட்டன் எலும்பு, முட்டை, தயிர்சாதம், பால், சப்பாத்தி, பிரெட், பிஸ்கட் எல்லாம் இருந்தன. மீன் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் குழம்பு வைக்கும் வீடுதான். ஆனால் 'முள் தொண்டையில் மாட்டிக்கும்' என்று புரூனோவுக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. அந்தப் பயமே இப்போது வழி காட்டியது. முள் சுத்தமாக எடுத்த மீன், கூடவே சர்க்கரைவள்ளிக்கிழங்கு. உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் சேர்க்காமல் வேகவைத்தது. வாரம் ஒருமுறை மொத்தமாகச் செய்து, வேளைக்கு ஒரு டப்பா என்று ஃப்ரீஸரில் அடுக்கிவிடுவார் அம்மா.

எத்தனை நாள்? அலர்ஜி உள்ள நாய்களில் 5 வாரங்களில் 80 சதவிகிதத்துக்கு மேல் தேறிவிடும் என்றும், 8 வாரங்களில் 90 சதவிகிதத்தைத் தாண்டும் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் 8 வாரக் கணக்கு. ஏற்கெனவே இந்தக் குடும்பம் சிக்கனை 2 வாரம் நிறுத்திப் பார்த்து, 'ஒண்ணும் குறையலையே' என்று விட்டிருந்தது. இரண்டு வாரம் என்பது போதவே போதாது.

இந்த 8 வாரங்களில் ஒரு துண்டு பிஸ்கட்கூட மொத்த முயற்சியையும் வீணாக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத எதிரிகளும் உண்டு. சிக்கன், பீஃப் சுவையில் வரும் பூச்சி மாத்திரை, மென்று தின்னும் உண்ணி மாத்திரை, விட்டமின் சிரப், நாய்க்கான டூத்பேஸ்ட், பதப்படுத்திய மாட்டுத்தோல் எலும்பு... எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், அல்லது சுவை சேர்க்காத மாற்று மருந்தை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஐந்தாவது வாரம் வெளிவந்த ரகசியம்

முதல் நான்கு வாரங்களில் புரூனோவின் காது கொஞ்சம் தேறியது. பாதம் நக்குவது நிற்கவே இல்லை. ஐந்தாவது வாரம் எல்லோரும் சோர்ந்துபோனார்கள். "இது வேலைக்காகாதும்மா" என்று அப்பா மறுபடியும் செல்போனை எடுத்தார்.

ஒருநாள் மாலை டியூஷன் ரத்தாகி மகள் சீக்கிரம் வீடு திரும்பினாள். பின்பக்கத் திண்ணையில் பாட்டி காபியோடு உட்கார்ந்திருந்தார். எதிரே புரூனோ. பாட்டி ஒரு பிஸ்கட்டைக் காபியில் நனைத்துத் தான் ஒரு வாய், புரூனோவுக்கு ஒரு வாய். காபி முடிந்ததும் டம்ளரின் அடியில் இருந்த பாலையும் நக்கக் கொடுத்தார்.

"பாட்டி! தினமும் கொடுக்குறியா?"

"வாயில்லா ஜீவன்டி. 4 மணியானா வந்து என் முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்குது. எப்படி நான் மட்டும் சாப்பிடுவேன்? ரெண்டே ரெண்டு பிஸ்கட்தானே!"

பாட்டி மீது கோபப்பட முடியவில்லை. கணவர் போன பிறகு பகல் முழுக்க அந்த வீட்டில் அவருக்குத் துணை புரூனோ மட்டும்தான். 4 மணி காபி அவர்கள் இருவருக்குமான நேரம். உணவு அலர்ஜி சிகிச்சை பல வீடுகளில் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். மருந்தும் பணமும் இருந்தும், வீட்டில் ஒருவர் அன்பாகக் கொடுக்கும் ஒரு வாய் எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

அந்த வீட்டில் தீர்வும் பாட்டியை வைத்தே கிடைத்தது. "நீங்க கொடுக்குறதை நிறுத்த வேண்டாம் அத்தை, கொடுக்குறதை மட்டும் மாத்திக்கலாம்" என்று மருமகள், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்குத் துண்டுகள் நான்கை ஒரு கிண்ணத்தில் போட்டுத் தந்தார். குழந்தை சாப்பிடும்போது புரூனோ அடுத்த அறைக்குள் போனான். குப்பைக்கூடை உயரத்துக்குப் போனது. வாக்கிங்கில் தெருவில் கிடப்பதைக் கவ்வாமல் இருக்க, மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம்விடும் கூடை வடிவ வாய்மூடி போட்டார்கள். பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. தினமும் அரிப்புக்கு 10-க்கு எத்தனை மார்க் என்று மகள் எழுதினாள். கணக்கு மறுபடியும் முதல் நாளில் இருந்து தொடங்கியது.

புது கணக்கின் மூன்றாவது வாரம் 7 மார்க். ஐந்தாவது வாரம் 4. எட்டாவது வாரம் 1. இரவு 2 மணிக்குச் சத்தம் இல்லை.

பாதியில் விடக்கூடாத பரீட்சை

நாய் தேறியதும் பல குடும்பங்கள் அத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் இன்னொரு கட்டம் இருக்கிறது. பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. இது எதற்கு? அரிப்பு குறைந்தது உணவாலா, இடையில் கொடுத்த மருந்தாலா, பருவம் மாறியதாலா என்று உறுதியாவது இதில்தான். எந்த உணவு ஆகாது என்பதும் இதில்தான் தெரியும். இல்லையென்றால் வாழ்நாள் முழுக்க மீனும் கிழங்குமாகவே ஓட்ட வேண்டியிருக்கும்.

ஒரு சமயத்தில் ஒரே ஓர் உணவு, அதிகபட்சம் 2 வாரம். ஆகாத உணவாக இருந்தால் பெரும்பாலான நாய்களுக்கு அதற்குள் அரிப்பு திரும்பிவிடும். திரும்பியதும் அதை நிறுத்திவிட்டு, அரிப்பு அடங்கிய பிறகு அடுத்த உணவுக்குப் போக வேண்டும்.

முதலில் சிக்கன். குடும்பமே அதைத்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தது. 2 வாரம் போனது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்து அரிசி. அதற்கும் ஒன்றும் இல்லை. மூன்றாவதாகத் தயிர். மூன்றாம் நாள் காதைச் சொறிந்தான். நான்காம் நாள் பாதத்தை நக்கினான். ஐந்தாம் நாள் விரல் இடுக்கு சிவந்துவிட்டது. 'உடம்புக்குக் குளிர்ச்சி' என்று இரண்டு வருடங்களாகத் தினமும் கொடுத்த தயிர்சாதம்தான் வில்லன்!

பால் ஆகாது என்றால் தயிர், மோர், நெய், பன்னீர் மட்டுமல்ல... பால் பவுடர் கலந்த பிஸ்கட், பிரெட், நாய்களுக்கான ட்ரீட்ஸ் எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். பசும்பால் ஆகாத சில நாய்களுக்கு மாட்டிறைச்சியும் ஆகாமல் போகலாம் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

செய்ய வேண்டியவை... செய்யக்கூடாதவை

லேபிளைப் படியுங்கள்: பாக்கெட்டின் முன்னால் 'லாம்ப் அண்டு ரைஸ்' என்று இருக்கும். பின்னால் பொடி எழுத்தில் சிக்கன் கொழுப்பு, சிக்கன் மீல் இருக்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சில உணவுகளில் லேபிளில் சொல்லாத இறைச்சிப் புரதம் கலந்திருப்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் 8 வாரச் சோதனைக்கு அவை வேண்டாம்.

வீட்டுச் சாப்பாடே நிரந்தரம் என்றால்: மீனும் கிழங்கும் மட்டும் ஒரு நாய்க்கு முழுமையான உணவாகாது. கால்சியம், துத்தநாகம், சில விட்டமின்கள் குறையும். வளர்ந்த நாய்க்கு 8 வாரச் சோதனையை டாக்டர் மேற்பார்வையில் சமாளிக்கலாம். குட்டிக்கு இப்படிச் செய்தால் எலும்பு வளர்ச்சியே பாதிக்கும். நீண்ட நாளைக்கு என்றால் சத்துகளைச் சமன்செய்து டாக்டர் எழுதித் தரும் உணவுத் திட்டம் கட்டாயம்.

எந்த நாய்க்கும் ஆகாதவை: வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், சைலிட்டால் சேர்த்த சூயிங்கம். இவை அலர்ஜி அல்ல, விஷம். சாம்பாரில் இருக்கும் சின்ன வெங்காயமும், பாயசத்தில் மிதக்கும் திராட்சையும் இதில் அடக்கம். வேகவைத்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கலாம்.

'கிரெய்ன் ஃப்ரீ' மோகம் வேண்டாம்: தானியத்தால் அலர்ஜி வருவது இறைச்சி, பால் அளவுக்கு இல்லை. தானியம் நீக்கி, பட்டாணி, பருப்பு வகைகள் அதிகம் சேர்த்த உணவுகளுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2018-ல் விசாரிக்கத் தொடங்கியது. உறுதியான முடிவு எட்டப்படவில்லை என்றாலும், காரணமில்லாமல் அதற்கு மாறத் தேவையில்லை.

ஸ்டீராய்டு: அரிப்பு தாங்காதபோது டாக்டர் கொடுக்கும் ஸ்டீராய்டு தப்பில்லை. காரணம் தேடாமல் மாதாமாதம் அதையே போடுவதுதான் தப்பு. பசி, தாகம், எடை எல்லாம் கூடும். ஏற்கெனவே பசியோடு அலையும் லேப்ரடாருக்குக் கேட்கவே வேண்டாம். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

வீட்டு வைத்தியம்: சொறிக்குப் பழைய இன்ஜின் ஆயில் தடவும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. நாய் அதை நக்கும். அது விஷம். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளும் வேண்டவே வேண்டாம்.

எடை: 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், 25 சதவிகிதம் குறைவாகச் சாப்பிட்ட நாய்கள், மற்றவற்றைவிட ஏறக்குறைய 2 வருடங்கள் கூடுதலாக வாழ்ந்தன. அலர்ஜியோ இல்லையோ, லேப்ரடாரின் கிண்ணத்தை அளந்துதான் நிரப்ப வேண்டும்.

உடனே ஓடுங்கள்: சாப்பிட்ட சில நிமிடங்களில் முகம் வீங்குவது, மூச்சுத்திணறல், தொடர் வாந்தி, மயக்கம். இவற்றுக்கு 8 வாரக் கணக்கெல்லாம் கிடையாது. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு, வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. எங்கே போனாலும், நாய் சாப்பிடும் எல்லாவற்றையும் எழுதிய பட்டியலை மறக்காமல் கொண்டு செல்லுங்கள். அதில் பாட்டி, தாத்தா, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பக்கத்து வீட்டுக் குழந்தை என்று யார் என்ன கொடுக்கிறார்கள் என்பதும் இருக்கட்டும்.

குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமா என்ற பயத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது. அலர்ஜி தொற்றுநோய் அல்ல. சொறிப்பூச்சி, படர்தாமரை போன்ற சில தோல் நோய்கள் மனிதர்களுக்கும் பரவும் என்பதால், எந்த நோய் என்று பார்த்து உறுதிசெய்வதுதான் முக்கியம்.

புரூனோவுக்கு இது குணமாகிப்போன நோய் அல்ல. இனி வாழ்நாள் முழுக்கப் பால் பொருள் கூடாது, அவ்வளவுதான். போன மாதம் ஒரு விசேஷ வீட்டில் யாரோ பால்கோவா கொடுத்துவிட, ஒரு வாரம் மறுபடியும் நக்கல். வீட்டில் யாரும் பதறவில்லை. காரணம் தெரியும் என்பதால் பயம் இல்லை.

அடிவயிற்றில் முடி வளர்ந்துவிட்டது. காதில் நாற்றம் இல்லை. அப்பாவின் செல்போனில் இருந்த அந்த வாசகம் எப்போதோ டெலீட் ஆகிவிட்டது.

மாலை 4 மணி. பாட்டி காபி டம்ளரோடு திண்ணையில் உட்கார்கிறார். புரூனோ தன் ஸ்டீல் கிண்ணத்தைக் கவ்விக்கொண்டு எதிரே வந்து உட்காருகிறான். பாட்டிக்குப் பிஸ்கட், புரூனோவுக்குச் சர்க்கரைவள்ளி. டம்ளரின் அடியில் இருக்கும் கடைசி வாய் காபியை மட்டும், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்டி குடித்து முடித்துவிடுகிறார்.